அறுபத்தொரு மணி நேரம்

மார்ச் 4

தம்பிக்கு,

நேற்று போனில், "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். எனக்கு உன் குரல் கணீரென்று கேட்டது. இந்த மூன்று மாதத்தில் இது ஐந்தாவது தடவை. அதனால்தான் காகிதத்தை எடுத்துவிட்டேன். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது பார். கிழித்துப் போடலாம். ஆனால் அக்காவின் கையெழுத்தைக் கிழிக்கிற தைரியம் உனக்கு இன்னும் வரவில்லை.

கேள்வி ஒன்றே ஒன்று. பதினெட்டு மாதத்தில் படிப்பு முடியும், முடிந்த கையோடு விமானக் கம்பெனியில் வேலை என்று சொல்லித்தானே அந்த ஸ்கூலில் உன்னைச் சேர்த்தார்கள்? வீட்டுப் பத்திரம் பேங்கில் போய்ப் படுத்திருப்பது அந்தப் பேச்சை நம்பித்தானே? இது இருபத்து மூன்றாவது மாதம். லைசென்ஸுக்கு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று நீதான் சொன்னாய். இதுவரை எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறாய்? பதில் ஒரு நம்பர். அதைச் சொல்ல ஏன் இந்த இழுப்பு?

அப்பா வேறு என்னைப் பாடாய்ப் படுத்துகிறார். ஸ்கூல் வேனை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிறுத்திப் பிள்ளைகளை ஏற்றுகிற இடைவெளியில் உன் பேச்சுதான். முதலில், "என் பையன் பைலட் ஆகப்போறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது, "என் பையன் பைலட்" என்றே சொல்கிறார். "அப்பா, அவன் இன்னும் படிச்சிட்டுத்தானே இருக்கான்?" என்றால், "நாளைக்கு ஆகப்போறவன இன்னைக்கே சொன்னா உனக்கென்ன வலிக்குது?" என்று என் வாயை அடைக்கிறார். போன அக்டோபரில் உடைந்த கால் இன்னும் முழுதாய்ச் சேரவில்லை, இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். உன் பேச்சு வந்தால் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார்.

இன்னொரு விஷயம். எங்கள் லேபில் ரத்தம் எடுக்கிற ஊசிக்காரக்கா உனக்கு நினைவிருக்கும். அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதுகிறாள். படித்தால் உன் ஸ்கூலில்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "உன் தம்பிகிட்ட கேட்டுச் சொல்லேன், நல்ல ஸ்கூல்தானான்னு" என்று தினம் என்னைத் துளைக்கிறாள். நான் என்ன சொல்லட்டும்? நீயே எழுது.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை விடுதி வார்டன் மேலும் கீழும் பார்த்தார். இந்தக் காலத்தில் கடிதமா, காதல் விவகாரமா என்று அவருக்குச் சந்தேகம். "எங்க அக்கா சார், திட்டி எழுதியிருக்காங்க" என்றேன். "அப்படியா, அப்ப சரி" என்று உடனே கொடுத்துவிட்டார்.

நீ நினைப்பது போல் ஒன்றும் ஆகிவிடவில்லை. நூற்று நாற்பத்தெட்டு மணி நேரம் முடித்துவிட்டேன். மழை மாதங்களில் பறக்க விட மாட்டார்கள், அதனால்தான் தாமதம். எல்லா ஸ்கூலிலும் இதே கதைதான். வேலை எங்கும் ஓடிப்போகாது. விமானக் கம்பெனியோடு ஸ்கூல் போட்ட ஒப்பந்தத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். தினமும் அதற்குக் கீழேதான் போய் வருகிறேன்.

அக்கா, முதல்முறை தனியாகப் பறந்ததைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் ஓடுபாதை ஓரத்தில் இறங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். பக்கத்து இருக்கை காலி. வண்டி ஓடி ஓடி ஒரு நொடியில் சக்கரத்தின் அதிர்வு நின்றுபோகும். என்ஜின் சத்தம் அப்படியேதான் இருக்கும், கீழே மட்டும் ஒன்றும் இருக்காது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். யாரும் பக்கத்தில் இல்லாததால் கொஞ்சம் அழவும் செய்தேன். அன்றைக்கு அம்மா உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. இந்த வேலை எனக்கு வேண்டும் அக்கா. வேறு எதையும் இந்த அளவுக்கு நான் ஆசைப்பட்டதில்லை.

அப்பாவுக்காக என் லாக் புக்கிலிருந்து ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். பைலட்டுக்கு அதுதான் எல்லாம். எந்தத் தேதி, எந்த விமானம், எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொரு தடவையும் எழுதி, சீஃப் இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா வேனில் ஒட்டிக்கொள்ளட்டும்.

ஊசிக்காரக்காவிடம், நல்ல ஸ்கூல்தான் என்று சொல்.

தம்பி


மார்ச் 24

தம்பி,

ஜெராக்ஸை அப்பாவிடம் காட்டவில்லை. என் பையிலேயே இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ரிஜிஸ்டர் பார்ப்பதே என் பிழைப்பு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வரி பார்க்கிற கண் இது. உன் பக்கத்தையும் தேதி தேதியாகப் பார்த்தேன். அக்டோபர் 10, ஒரு மணி ஐம்பது நிமிடம். அக்டோபர் 11, இரண்டு மணி பத்து நிமிடம். அதற்குப் பக்கத்தில் கையெழுத்து.

அக்டோபர் பத்தாம் தேதி அப்பாவுக்குக் காலில் ஆபரேஷன். நீ தியேட்டர் வாசலில், பச்சை பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். நகம் கடிக்காதே என்று உன் கையைத் தட்டிவிட்டேன். பதினொன்றாம் தேதி மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று கடை ஏறி இறங்கினாய். அதே நேரத்தில் உன்னைப் போலவே ஒருத்தன் எங்கேயோ ஆகாயத்தில் இருந்திருக்கிறான். எனக்கு ரெண்டு தம்பியா? அம்மா சொல்லவே இல்லையே.

போன வருஷம் ஒரு ரத்த சாம்பிள் வந்தது. வருகிற வழியில் டியூபிலேயே ரத்தம் உடைந்து சிவந்துவிட்டது. அதில் பொட்டாசியம் பார்த்தால் தப்பான அளவுதான் காட்டும். திரும்ப எடுத்து அனுப்புங்கள் என்றேன். டாக்டரின் உதவியாள், "நேத்து நார்மல்தானே, இன்னைக்கும் ஒரு நார்மல் போட்டு விடுங்க, அவசரம்" என்றார். முடியாது என்றேன். ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். நான் போடுகிற நம்பரை நம்பித்தானே அந்த ஆளின் உடம்புக்குள் மருந்தை ஏற்றுவார்கள்?

உன் நம்பரை நம்பி இருநூறு பேர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள்.

என்னிடம் பூசி மெழுகாதே. உண்மையை எழுது. திட்ட மாட்டேன் என்று சொல்ல மாட்டேன், திட்டுவேன். ஆனாலும் எழுது.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இதை மட்டும் அனுப்பிவிடப் போகிறேன்.

அறுபத்தொரு மணி நேரம். அதுதான் உண்மையான நம்பர்.

விளம்பரத்தில் ஐந்து விமானம் பார்த்திருப்பாய். பறப்பது இரண்டு. மூன்றாவதின் என்ஜினைக் கழற்றி இரண்டாவதில் மாட்டிவிட்டார்கள். நான்காவது சக்கரமில்லாமல் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தாவதுக்குப் புது பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள், அது போட்டோவுக்கு. இந்த இரண்டுக்குத் தொண்ணூறு பேர். காலை ஐந்து மணிக்குக் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, விமானக் கொட்டகை வாசலில் வரிசையில் உட்காருவோம். மதியம், "இன்னைக்கு உங்க டர்ன் இல்ல" என்பார்கள். பத்து நாளைக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஜனவரியில் விமானத் துறை மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவதாகச் செய்தி வந்தது. எங்களில் பன்னிரண்டு பேரை வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். சீஃப் இன்ஸ்ட்ரக்டர் தேதிகளையும் மணி நேரத்தையும் படிக்கப் படிக்க நாங்கள் எழுதினோம். எல்லாம் ஒரே மையில் இருக்கக் கூடாதென்று பேனாக்களை ஒருத்தருக்கொருத்தர் மாற்றிக்கொண்டோம். அன்றைக்கு அது எங்களுக்கு விளையாட்டாகக்கூட இருந்தது. "எல்லா ஸ்கூல்லயும் இதான் நடக்குது, பின்னாடி நெசமாவே பறந்து ஈடு கட்டிக்கலாம்" என்றார். அது எந்த அக்டோபர், எந்தப் பத்தாம் தேதி என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

அந்தப் பக்கத்தை ஏன் அனுப்பினேன் தெரியுமா? புத்தகத்திலேயே மணி நேரம் நிறைய இருந்த பக்கம் அதுதான். உண்மையான பக்கங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாற்பது நிமிடம், அப்புறம் பதினொரு நாள் வெறும் வெளி, அப்புறம் ஐம்பது நிமிடம். அப்பாவுக்கு அதை எப்படி அனுப்புவது?

உன் கடிதம் வந்த பிறகு இன்னொன்றும் செய்தேன். வரவேற்பறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாற்காலி போட்டு ஏறி அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். இரண்டு வருஷமாக அதன் கீழே நடந்தவர்களில் ஒருத்தன்கூட அண்ணாந்து படிக்கவில்லை. தங்க முத்திரை தெரிந்தது, கம்பெனி பெயர் தெரிந்தது, அதுவே போதுமென்று இருந்துவிட்டோம். அதில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? இந்த ஸ்கூல் மாணவர்கள் வருடத்துக்கு ஒரு நாள், முன் அனுமதியோடு, அந்தக் கம்பெனியின் பணிமனையைச் சுற்றிப் பார்க்கலாம். அவ்வளவுதான் அக்கா. வேலை என்ற சொல்லே அதில் இல்லை.

அப்பாவிடம் சொல்லாதே, உன் காலில் விழுகிறேன். ஆபீசில் எனக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறார்கள். அதைச் செய்தால் தினமும் பறக்க விடுவார்களாம். இரண்டு மாதத்தில் உண்மையாகவே பறந்து முடித்துவிடுவேன். பொறுத்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 28

அந்த வேலை என்னவென்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

ஊசிக்காரக்காதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "உன் தம்பி ஸ்கூல்காரங்க நம்ம ஊருக்கே வந்து விளக்கம் சொல்றாங்க, வா" என்றாள். பெரிய ஓட்டல், ஏசி ஹால், நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை. நீ சொன்னதையெல்லாம் மனதில் அடக்கிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். "நம்ம ஸ்கூல்ல படிச்சு, இன்னைக்கு வேலை ஆர்டரோட நிக்கிற உங்க ஊர்ப் பிள்ளை" என்று ஒருத்தர் மைக்கில் கூப்பிட்டார். தோளில் மூன்று தங்கப் பட்டையோடு நீ ஏறி வந்தாய்.

சட்டை உனக்குப் பெரிது. திரையைக் காட்டத் திரும்பினாய் பார், அப்போது முதுகில் காகித கிளிப் போட்டு இறுக்கியிருந்தது தெரிந்தது.

ஊசிக்காரக்காவின் மகள் எழுந்து நின்று, "அண்ணா, நீங்க எத்தனை மணி நேரம் பறந்திருக்கீங்க?" என்று கேட்டாள். "இருநூறு" என்றாய். என்னைப் பார்த்த பிறகுதான் சொன்னாய். கண் ஒரு நொடி என் மேல் நின்றது. பிறகு சொன்னாய்.

வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிட தூரம். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். நீ ஊருக்கு வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போய்விட்டாய்.

அன்றைக்கே ஊசிக்காரக்கா முன்பணம் கட்டிவிட்டாள். மே 20 வரை தவணை. அதற்குள் இருக்கிற ஒரே மனையை விற்று மீதியைக் கட்டப் போகிறாள். உன் முகத்தைப் பார்த்துத்தான் கட்டினாள்.

எனக்கு எழுதாதே.


மே 3

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஆள் சேர்க்க ஊர் ஊராகக் கூட்டிப் போனார்கள், நம் ஊர் நாலாவது. முந்தைய மூன்று ஊரிலும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. மனப்பாடம் செய்ததைச் சொன்னேன், கைதட்டினார்கள், இறங்கினேன். நம் ஊர் என்று தெரிந்ததும் உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "போஸ்டர்ல உன் படம் போட்டாச்சு" என்றார்கள். மேடையில் உன்னைப் பார்த்ததும், அறுபத்தொன்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் அக்கா, அம்மா மேல் சத்தியம். பின்னாலிருந்து ஆபீஸ்காரர் இருமினார். வாய் தன்பாட்டுக்கு இருநூறு என்றது.

வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவேன்? அந்தச் சட்டையோடு அப்பா என்னைப் பார்த்திருந்தால் தெரு முழுக்கக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பார்.

இதையும் நீ தெரிந்துகொள். லாக் புக் இப்போது எங்களிடம் இல்லை, போன மாதம் வாங்கிக்கொண்டார்கள். ஆபீசின் இரும்பு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் அது வெளியே வராது. லாக் புக் இல்லாவிட்டால் வேறு எந்த ஸ்கூலிலும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், உண்மையாகப் பறந்த அறுபத்தொன்றும் போய்விடும். வீட்டை அடகு வைத்து வாங்கியதே அந்த அறுபத்தொன்றைத்தான்.

நீயே ஊசிக்காரக்காவிடம் சொல்லிவிடேன். பக்குவமாகச் சொல். என் பெயர் வர வேண்டாம். யாரோ சொன்னதாகச் சொல்.

தம்பி


மே 9

தம்பி,

சொன்னேன்.

வேலை முடிந்து கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உட்கார வைத்து, அந்த ஸ்கூல் வேண்டாம் அக்கா, சொல்கிறபடி நடப்பதில்லை, வேலையும் கிடையாது என்றேன். கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உன் தம்பி மட்டும் பைலட் ஆகணும், ஊசி குத்துறவ பொண்ணு ஆகக் கூடாது, அதானே?" என்றாள். பதினாறு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறோம். இப்போது தன் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. மேடையில் நின்ற உன்னை நம்புவாளா, பொறாமைப்படுகிற மாதிரி பேசுகிற என்னை நம்புவாளா? கண்ணாலே பார்த்தாளே, தங்கப் பட்டையை. யாரோ சொன்னார்கள் என்றால் எடுபடாது. உன் வாயால் சொன்னதை உன் வாய்தான் திருப்பி எடுக்க முடியும்.

ஆனால் சொல் என்று உன்னை நான் கேட்க மாட்டேன். கேட்க என்னால் முடியவில்லையடா. உனக்குப் பெட்டி கட்டிக் கொடுத்தவள் நான். ஏழு வயதில் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி நின்றுகொண்டு, மேலே போகிற ஒவ்வொரு விமானத்துக்கும் நீ கை காட்டினாய், இறங்கடா என்று கீழே நின்று கத்தியவளும் நான்தான். அந்தப் புத்தகம் போனால் உன்னிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

மே 20 செவ்வாய்க்கிழமை. மனைக்கு ஆள் பார்த்துவிட்டாள். இதை மட்டும் உனக்குத் தெரியப்படுத்துகிறேன்.

அக்கா


மே 14

அக்கா,

அந்தப் பெண்ணுக்கு இன்று காலை ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன், உங்கள் லேப் முகவரிக்கு, அவள் அம்மாவின் பார்வைக்கு என்று போட்டு. உன் கைக்கு அனுப்பினால் நீ தயங்குவாய், நானும் இரவுக்குள் போன் பண்ணி, கொடுக்காதே என்று சொல்லிவிடுவேன். அதனால் நேரே தபால்பெட்டியில் போட்டேன். போட்ட பிறகு பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. நல்லதாகப் போயிற்று.

என்ன எழுதினேன் என்று உனக்கும் தெரிய வேண்டும்.

"தங்கச்சிக்கு, நீ என்னிடம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்று கேட்டாய். நான் பொய் சொன்னேன். அறுபத்தொன்று. எனக்கு வேலை கிடைக்கவில்லை, லைசென்ஸும் இல்லை. அந்தச் சட்டை எனதில்லை, போட்டோவுக்கு வைத்திருப்பது. இங்கே பறக்கிற விமானம் இரண்டு. வரவேற்பறையில் மாட்டியிருக்கிற ஒப்பந்தத்தை நாற்காலி போட்டு ஏறிப் படித்துப் பார், அது பணிமனையைச் சுற்றிப் பார்க்கத்தான். நீ பைலட் ஆக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறப்பது நீ நினைப்பதைவிட நன்றாக இருக்கும். வேறு எந்த ஸ்கூலுக்குப் போனாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் விமானக் கொட்டகை வாசலில் இரண்டு நாள் உட்கார். எத்தனை விமானம் மேலே போகிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணு. யாரிடமும் கேட்காதே, என்னைப் போல் ஒருத்தன்தான் பதில் சொல்வான். மன்னித்துவிடு."

கீழே என் முழுப் பெயரையும், ஸ்கூலில் எனக்குக் கொடுத்த எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எட்டு இடத்தில் அடித்தல் திருத்தல்.

இது ஆபீசுக்குப் போகாமல் இருக்காது. போகட்டும். அப்பாவிடம் நீ சொல்லிவிடுவாயா? என்னால் முடியாது.

தம்பி


மே 23

என் தம்பிக்கு,

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. விடுதியிலிருந்து உன்னை அனுப்பிவிட்டார்கள் என்று வார்டன் சொன்னார். பஸ் நிலையத்துக்கு எதிரே அறை எடுத்திருப்பதாக முகவரியும் கொடுத்தார். நல்ல மனுஷன்.

ஊசிக்காரக்கா கடிதத்தை நின்றபடியே படித்தாள். மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டாள். அரைநாள் லீவு போட்டு, சேர்க்கைக்காக ஸ்கூல்காரர்கள் நம் ஊரில் திறந்திருக்கிற ஆபீசுக்குப் போனாள். முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றார்களாம். சரி என்று வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்து, விசாரிக்க வருகிற ஒவ்வொரு பெற்றோரிடமும் உன் கடிதத்தை, "கொஞ்சம் கண்ணு தெரியல, படிச்சுச் சொல்றீங்களா?" என்று நீட்டியிருக்கிறாள். அவள் கண்ணுக்கு என்ன, குழந்தையின் கையில் நூல் மாதிரி இருக்கிற நரம்பையும் ஒரே குத்தில் பிடிப்பாள். நான்காவது ஆள் சத்தமாகப் படிக்கும்போது பணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். மனை விற்கவில்லை.

அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "மேடையில பொய்ய அவ்வளவு நல்லா சொன்னாரு, நெசத்த எழுத ஏன்க்கா இத்தனை அடிச்சு அடிச்சு எழுதியிருக்காரு?" என்றாள். அப்புறம் மைக்ராஸ்கோப் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். நான் தடுக்கவில்லை. ஆசை அவளுடையது, அழ வேண்டியவளும் அவள்தானே.

அப்பாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், பத்தாம் தேதி, பேனா மாற்றியது, மேடை, நீ வீட்டுக்கு வராதது. எழுந்து போய், காலையில் கழுவிய வேனை மறுபடி கழுவினார்.

மறுநாள் காலை நானும் வேனில் ஏறிக்கொண்டேன், எனக்குப் பயமாக இருந்தது. முதல் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, அந்தக் காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். பிள்ளையின் அம்மா வெளியே வந்தாள். "அம்மா, என் பையன் பைலட்டுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு இருந்தேன். அவன் பைலட் இல்ல. அந்த ஸ்கூல்ல சொன்னது எதுவும் நடக்கல. உங்க சொந்தத்துல யாராவது அங்க சேரணும்னு இருந்தா வேணாம்னு சொல்லுங்க" என்றார். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஏழு வீட்டிலும் இறங்கினார், ஏழு வீட்டிலும் இதையே சொன்னார். ஒரு வீட்டில் சிரித்தார்கள்கூட. இருபது வருஷத்தில் முதல்முறையாகப் பிள்ளைகள் தாமதமாகப் பள்ளிக்கூடம் போனார்கள்.

திரும்பி வரும்போது, "அவன் அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?" என்று மட்டும் கேட்டார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை வேனை எடுத்துக்கொண்டு அங்கே வருகிறார். பெட்டி படுக்கையைக் கட்டி வை. கடனை அடைக்கிறதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நான் இருக்கிறேன். வீட்டுக்கு வாடா.

அக்கா


மே 29

அக்கா,

அப்பா ஞாயிற்றுக்கிழமை புறப்பட வேண்டாம் என்று சொல். கோபித்துக்கொள்ளாதே, முழுதும் படி.

லாக் புக்கைக் கொடுக்கவில்லை. "எந்தப் புத்தகம்?" என்று கேட்டார்கள். எதிர்பார்த்ததுதான், ஆனாலும் ஆபீஸ் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் எழுப்பவில்லை. நான் இனி பைலட் ஆவேனா என்று தெரியவில்லை அக்கா. வலிக்கிறது. அதைச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை.

அறைக்கு வந்து பெட்டியைக் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை மாலை கதவு தட்டினார்கள். என் வகுப்புக்காரன் ஒருத்தன், ஜனவரியில் எனக்குப் பேனா மாற்றிக் கொடுத்தவன். உன் ஊசிக்காரக்கா செய்த கூத்து இங்கே விடுதி வரை வந்துவிட்டதாம். "அந்த லெட்டர எப்படி எழுதுனே? எனக்கும் ஒண்ணு எழுதணும். நானும் ரெண்டு ஊர்ல பேசியிருக்கேன்" என்றான். கட்டிலில் உட்கார்ந்து எழுதினான். அவனுக்கு எழுபத்து நான்கு மணி நேரம். மறுநாள் மூன்று பேர் வந்தார்கள். நேற்று ஒன்பது பேர். கீழே கடையில் காகிதம் தீர்ந்துவிட்டது, நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் கொடுத்தேன். அவரவர் ஊருக்கு, அவரவர் யாரைச் சேர்த்துவிட்டார்களோ அவர்களுக்கு, இந்த வருஷம் சேர விண்ணப்பம் போட்டவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, ஆய்வு செய்கிற மேலிடத்துக்கும் அனுப்பப் போகிறோம். ஒரு ஆள் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், முப்பது கடிதம் வந்தால் பிரித்தாவது பார்ப்பார்கள்.

இன்று ஒரு பெண் வந்தாள். சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். காகிதத்தை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். அரை மணி நேரமாகியும் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. என்னம்மா என்றேன். தலையைத் தூக்காமல், "எல்லாரும் மணி நேரத்த எழுதுறாங்க அண்ணா. என்னய ஒரு தடவகூட மேல கூட்டிட்டுப் போகல. பெயின்ட் அடிச்ச அந்த விமானத்துல உக்கார வெச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க. எங்க வீட்டுல அத மாட்டி வெச்சிருக்காங்க. நான் என்னன்னு எழுத?" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப சொன்னியே, அதையே எழுது" என்றேன். "அப்பா செத்துடுவாரு அண்ணா" என்றாள். நம் அப்பா ஏழு வீட்டு வாசலில் இறங்கியதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். "உங்கப்பா உங்கள அடிக்கலயா?" என்றாள். சாப்பிட்டானா என்று கேட்டார் என்றேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கிறாள். நடுநடுவே நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள். வாசலில் இன்னும் நாலு பேர் நிற்கிறார்கள். இவர்கள் முடித்ததும் வருகிறேன்.

தம்பி